‘நூப்’ முதல் ‘சப்ரி’ வரை: கைப்பேசிப் போர் விளையாட்டுகளின் மொழியும் சாதியும்

கைப்பேசியில் பலர் ஒரே நேரத்தில் இணைந்து ஆடும் போர் விளையாட்டுகள் தமிழ் இளைஞர்களின் பொதுவெளிகளுள் ஒன்றாகிவிட்டன. பப்ஜி, ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ என்ற பெயர்கள் கல்லூரி வளாகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் ஒலிக்கின்றன. பொதுவெளி ஒன்று உருவாகும்போது அதற்கென ஒரு மொழியும் உருவாகிறது. சாதிச் சமூகத்தில் உருவாகும் மொழி, யார் மேல், யார் கீழ் என்ற கணக்கையும் சுமந்தே வருகிறது.

இவ்விளையாட்டுகளைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன: பிள்ளைகள் அடிமையாகிறார்களா? ஆபாசம் பேசுகிறார்களா? இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கே சாதி எவ்வாறு பேசப்படுகிறது? சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிகிறதா? களச் செயல்பாட்டாளர்களும் மாணவர்களும் எடுத்தாளத்தக்க வகையில் இவ்வுலகின் சொற்களையும், அவற்றுள் உறைந்திருக்கும் சாதியையும், அதற்கெதிராகக் கைக்கொள்ளத்தக்க சட்ட வழிகளையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

விளையாட்டின் வரலாறு

கடைசியாக உயிரோடு எஞ்சுபவரே வெற்றியாளர் என்பது இவ்வகை விளையாட்டின் அடிப்படை விதி. ‘பேட்டில் ராயல்’ என்ற இதன் வகைப்பெயர், ஜப்பானிய எழுத்தாளர் கோஷுன் தகாமியின் 1999ஆம் ஆண்டு நாவலிலிருந்தும் அதைத் தழுவி 2000இல் வெளிவந்த திரைப்படத்திலிருந்தும் வந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் இக்கருவைக் கணினி விளையாட்டாக வளர்த்தெடுத்தார். தென்கொரிய நிறுவனம் ஒன்றுடன் இணைந்து அவர் உருவாக்கிய பப்ஜி 2017இல் வெளியானது. அதன் கைப்பேசி வடிவம் 2018இல் வந்தது. விமானத்திலிருந்து வான்குடையில் குதிக்கும் 100 பேர் ஒரு தீவில் இறங்கி, கிடைக்கும் ஆயுதங்களைப் பொறுக்கிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் போரிடுவர். சிங்கப்பூரின் கரேனா நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீ ஃபயரில் 50 பேர், ஆட்டமும் குறுகியது, விலை குறைந்த கைப்பேசியிலும் இயங்கும்.

ஒன்றிய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 69அ-வின்கீழ் 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றுள் பப்ஜியும் ஒன்று. அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளானது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற உயர்வடிவம் தொடர்ந்தது.

இவற்றைப் பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் குறிவைப்பது பணப் பந்தயத்தை. மின்விளையாட்டுப் போட்டிகளை ஒன்றிய அரசு 2022 டிசம்பரிலேயே அங்கீகரித்துவிட்டது. ஆகவே, ‘தடை செய்துவிட்டால் முடிந்துவிடும்’ என்ற எளிய தீர்வு இங்கே இல்லை. இவ்வெளி நிலைத்திருக்கப் போகிறது. இதற்குள் நடப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஆட்டக்காரர்களின் சொற்கள்

‘ஸ்குவாட்’ என்பது நால்வர் அணி. ‘டிராப்’ என்பது இறங்கும் இடம். பலரும் ஒரே இடத்தில் இறங்கினால் ‘ஹாட் டிராப்’. ‘லூட்’ என்பது களத்தில் பொறுக்கும் ஆயுதமும் மருந்தும். ‘ஜோன்’ என்பது சுருங்கும் வட்டம். குண்டடிபட்டு விழுந்தவர் ‘நாக்’ ஆனவர்; அவரைக் காப்பாற்றி எழுப்புதல் ‘ரிவைவ்’. எதிரியை நோக்கிப் பாய்தல் ‘ரஷ்’. ஓரிடத்தில் பதுங்கிக் காத்திருப்பவர் ‘கேம்பர்’. தனியொருவராக நின்று தோற்கவிருந்த ஆட்டத்தை மீட்பது ‘கிளட்ச்’. வெற்றி, பப்ஜியில் ‘சிக்கன் டின்னர்’. ஃப்ரீ ஃபயரில் ‘பூயா’. நிலையான குழுவுக்குப் பப்ஜியில் ‘கிளான்’ என்றும் ஃப்ரீ ஃபயரில் ‘கில்ட்’ என்றும் பெயர்.

அடுத்தவை மதிப்பீட்டுச் சொற்கள். புதியவரைக் குறித்த ‘நூப்’, திறமையற்றவர் என்ற இழிப்பாக மாறிவிட்டது. கணினி இயக்கும் பொம்மை வீரருக்கு ‘பாட்’ என்று பெயர்; மனித ஆட்டக்காரரை அவ்வாறு அழைப்பது, ‘நீ மனிதக் கணக்கிலேயே வரமாட்டாய்’ என்பதற்குச் சமம். எதிர்கொள்ள முடியாத வலிமை ‘ஓபி’. காசு கொடுத்து வாங்கும் உடையும் ஆயுத அலங்காரமும் ‘ஸ்கின்’. அதற்கான நாணயம் ஒன்றில் ‘யுசி’, மற்றொன்றில் ‘டைமண்ட்’. பணம் செலுத்தி அவற்றை நிரப்புதல் ‘டாப்-அப்’. எதையும் வாங்காமல் விளையாட்டு தரும் இலவச உடையோடு வருபவர் ‘டீஃபால்ட்’.

இந்த இரண்டாம் வகைச் சொற்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். ‘கேம்பர்’ என்பது ஒருவர் ஆடும் விதத்தைக் குறிக்கிறது. ‘டீஃபால்ட்’ என்பதோ ஒருவரின் பையில் உள்ள பணத்தைக் குறிக்கிறது. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில் இலவச உடையோடு வரும் சிறுவர்கள் அமெரிக்கப் பள்ளிகளில் இதே சொல்லால் கேலி செய்யப்பட்டனர். திறமையை அளக்கும் சொற்கள் வறுமையை அளக்கும் சொற்களாக வழுக்குவது உலகெங்கும் நிகழ்வது. நம் நாட்டில் அந்த வழுக்கல் வர்க்கத்தோடு நிற்பதில்லை. சாதியில் போய் முடிகிறது.

கைப்பேசியின் விலையும் வசைச்சொல்லும்

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டாரத்தில் பீங்கான் தொழிற்கூடங்களுக்கும் கரும்பு, முந்திரித் தோப்புகளுக்கும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மிகுதி. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புக்காகக் கடன் வாங்கியோ தவணை முறையிலோ வாங்கப்பட்ட கைப்பேசிதான் இத்தகைய வீடுகள் பலவற்றில் நுழைந்த முதல் திறன்பேசி. அக்கைப்பேசியில் பப்ஜி தடுமாறும். ஃப்ரீ ஃபயர் ஓடும். ஆகவே எந்த விளையாட்டை ஆடுகிறார் என்பதே ஒருவரின் பொருளாதார அடையாளமாயிற்று. இந்தியா முழுவதும் பப்ஜி ஆட்டக்காரர்கள் ஃப்ரீ ஃபயர் ஆட்டக்காரர்களை ஏளனம் செய்ததன் பின்னணியும் இதுவே.

அந்த ஏளனத்துக்கு வடஇந்தியா கொடுத்த சொல் ‘சப்ரி’. மீம்கள் வழியாகவும் ரீல்ஸ் வழியாகவும் தமிழ் இளைஞர் நாவிலும் அது ஏறியிருக்கிறது. பகட்டான மலிவு உடை, வண்ணம் பூசிய தலைமுடி, ‘நாகரிகமற்ற’ நடத்தை என்ற பொருளில் அதைப் பயன்படுத்துகின்றனர். ‘சப்பர்’ என்றால் வேய்ந்த கூரை. கூரை வேய்வதைக் குலத்தொழிலாகக் கொண்ட சப்பர்பந்த் சமூகத்தின் பெயரோடு இவ்வசை தொடர்புபடுத்தப்படுகிறது. ஆங்கிலேய ஆட்சியில் குற்றப்பரம்பரையாக முத்திரை குத்தப்பட்ட சமூகம் அது. இன்று மகாராஷ்டிரத்தின் விமுக்த சாதிகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ‘சும்மா கேலிக்குச் சொன்னேன்’ என்று சொல்லும் மாணவர், குற்றப்பரம்பரைச் சட்டம் இட்ட முத்திரையைத் தம்மையறியாமல் புதுப்பிக்கிறார்.

இதன் தமிழ் இணை ‘புள்ளிங்கோ’. வடசென்னை இளைஞர்கள் தம் நண்பர் கூட்டத்தைக் குறிக்கப் பயன்படுத்திய அன்புச் சொல் அது. கானாப் பாடல் வழியாக 2019 வாக்கில் தமிழ்நாடெங்கும் பரவியபோது, உழைக்கும் வர்க்க, தலித் இளைஞர்களின் முடி, உடை, நடை ஆகியவற்றைக் கேலி செய்யும் சொல்லாகப் பிறர் அதைத் திருப்பிவிட்டனர். ‘லோக்கல்’, ‘ஏரியாப் பசங்க’ போன்றவையும் இத்தகையவையே. ஒரு சமூகத்தின் சொந்தச் சொல்லைப் பறித்து அதே சமூகத்தின் மீது எறிவது சாதிய மொழியின் பழைய உத்தி.

சில வசைகள் நேரடியாகவே பட்டியல் சாதிப் பெயர்கள். கோபத்தில் எவர் மீதும் வீசப்படும் ‘சண்டாளன்’ என்ற சொல், தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயரிலிருந்து வருவது. 2024 ஜூலையில் ஓர் அரசியல் மேடைப் பாடலில் இச்சொல் பயன்பட்டதை ஒட்டி எழுந்த சர்ச்சையில், இதை இழிசொல்லாகப் பயன்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்குரியது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் எச்சரித்தது. ஆட்டத்தின் பரபரப்பில் ஒலிவாங்கியில் விழும் சொல்லுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

‘எந்த ஊரு? எந்தத் தெரு?’

புனைபெயருக்குப் பின்னால் சாதி மறைந்துவிடும் என்பதே இவ்வெளி தலித் இளைஞர்களுக்குத் தந்த முதல் நம்பிக்கை. ஊர்த் திடலில் மட்டைப்பந்து ஆட யார் அணியில் சேர்க்கப்படுவார் என்பதைச் சாதி தீர்மானிப்பதை 2024இல் வெளிவந்த ‘லப்பர் பந்து’ திரைப்படம் பேசியது. கைப்பேசித் தீவில் அந்தத் திடல் இல்லை. குறி தவறாமல் சுடுபவருக்கு மதிப்புண்டு. விழுந்தவரை ‘ரிவைவ்’ செய்ய எவரும் சாதி கேட்பதில்லை.

ஆனால் பழக்கம் நீளும்போது கேள்விகள் தொடங்குகின்றன. ‘எந்த ஊரு ப்ரோ?’ என்பது முதற்கேள்வி. ‘ஸ்ரீமுஷ்ணம்’ என்றால் அடுத்தது, ‘அங்க எந்தத் தெரு?’ ஊரும் காலனியும் தனித்தனியே பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில் தெருவின் பெயரே சாதிச் சான்றிதழ். அதையும் தாண்டினால், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி பச்சையாகவே வரும். உண்மையைச் சொன்னால் அணியிலிருந்து நீக்கப்படலாம்; பொய் சொன்னால் ஒவ்வொரு நாளும் அப்பொய்யைக் காத்துக்கொண்டே ஆட வேண்டும். இந்த மௌனச் சுமையை எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் காண முடியாது.

இன்னொரு பக்கம், சாதிப் பெயரைப் பின்னொட்டாகச் சூடிய ஆட்டப் பெயர்களும் கில்டுகளும் கண்ணில் படுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் அணிவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. பள்ளி வாசலில் அறுத்தெறியப்படும் கயிறு, கைப்பேசித் திரையில் பெயராகத் திரும்பக் கட்டப்படுகிறது. ‘அப்படியானால் ஜெய்பீம் என்று பெயர் வைப்பதும் சாதிதானே’ என்று கேட்பவர் உண்டு. ஒடுக்கப்பட்டவர் தலைநிமிர்ந்து தம்மை அறிவித்துக்கொள்வதும், ஒடுக்குபவர் தம் மேலாண்மையைப் பறைசாற்றுவதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முதலாவது சமத்துவத்தைக் கோருகிறது. இரண்டாவது அதை மறுக்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டு என்று கடந்துபோக முடியாத நிலம் இது. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகியும் முருகேசனும் சாதி கடந்து மணந்ததற்காக நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2021 செப்டம்பரில் வந்தது. தண்டனையை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. இங்கே ஓர் அணியில் ஆடும் ஆணும் பெண்ணும் நட்பாவதுகூட ஆபத்தின் தொடக்கமாகலாம். திரையில் கேட்கப்படும் ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு வெளியே உயிரின் விலை இருக்கிறது.

ஆபாசம் என்ற ஒற்றைச் சட்டகம்

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டுகளின் மொழி சட்டத்தின் முன் வந்த பெரிய நிகழ்வு 2021 ஜூனில் நிகழ்ந்தது. ‘டாக்சிக் மதன்’ என்ற பெயரில் யூடியூபில் ஆட்டத்தை நேரலை செய்துவந்த மதன், பெண்களை இழிவாகவும் ஆபாசமாகவும் பேசியதாக எழுந்த புகார்களின் பேரில் தர்மபுரியில் கைது செய்யப்பட்டார். பின்னர் குண்டர் தடுப்புச் சட்டமும் பாய்ந்தது. முன்பிணை மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் அப்பேச்சைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. அவருடைய பார்வையாளர்களுள் பள்ளி மாணவர் பலர் இருந்ததே பெற்றோரை உலுக்கியது.

அவ்விவாதம் அவசியமானது. எனினும் அது ‘கெட்ட வார்த்தை’ என்ற சட்டகத்துக்குள் அடங்கிவிட்டது. அச்சட்டகம் நமக்கு இரு வகையில் கேடு செய்கிறது. முதலாவது, உடலுறுப்பைச் சொல்லும் வசை மட்டும் குற்றமாகத் தெரிகிறது. ‘நாகரிகமான’ குரலில் கேட்கப்படும் ‘நீங்க என்ன ஆளுங்க’ குற்றமாகத் தெரிவதில்லை. இரண்டாவது, ஆபாசத்தையே தலித்துகளின் சொத்தாக்கும் பொதுப்புத்தி வலுப்பெறுகிறது. 2023 நவம்பரில் அப்போதைய தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர் குஷ்பு தம் சமூக ஊடகப் பதிவில் இழிபேச்சைச் ‘சேரி மொழி’ என்று குறிப்பிட்டதும், அதற்கு எதிராகத் தலித் அமைப்புகள் கண்டனம் எழுப்பியதும் நினைவிருக்கலாம். பெண்களை இழிவுபடுத்தும் மொழி எல்லாத் தெருவிலும் பேசப்படுகிறது. பெயர் மட்டும் சேரிக்குச் சூட்டப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989இன் மூன்று உட்பிரிவுகள் இங்கே முதன்மையானவை. பிரிவு 3(1)(ஆர்): பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதித்தல் அல்லது மிரட்டுதல். பிரிவு 3(1)(எஸ்): பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுதல். பிரிவு 3(1)(யு): இச்சமூகங்கள் மீது பகையும் வெறுப்பும் வளர்த்தல். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

போர் விளையாட்டின் உரையாடல் ‘பொதுப் பார்வைக்குட்பட்ட இடமா’ என்பதே முதல் வினா. சுவரண் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், பொது இடம் வேறு, பொதுப் பார்வைக்குட்பட்ட இடம் வேறு என்று பிரித்தது. தனியார் இடமாயினும் பொதுமக்கள் காணவும் கேட்கவும் இயலுமானால் போதும். ஹிதேஷ் வர்மா வழக்கிலும் (2020), லால்குடி காவல் எல்லையிலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கிலும் (2025), பொதுமக்கள் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இவ்வரம்புக்குள் வராது என்றது. இணையத்தைப் பொறுத்தவரை, பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்திய காணொளி தொடர்பான வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தந்த விளக்கம் வலுவானது: இணையத்தில் ஏற்றப்பட்ட உள்ளடக்கம் எவரும் காணக்கூடியது, பாதிக்கப்பட்டவர் நேரில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டிலும் தலித்துகளை இழிவுபடுத்திய காணொளிக்காக மீரா மிதுன் 2021 ஆகஸ்டில் இச்சட்டத்தின்கீழ் கைதானார்.

இவற்றை விளையாட்டுக்குப் பொருத்தினால் என் வாசிப்பு இது. யூடியூப் நேரலையில் சொல்லப்பட்டது பொதுப் பார்வைக்குட்பட்டது, ஐயமில்லை. எதிரணிக்கும் கேட்கும் ‘ஆல்’ தடத்தில் சொல்லப்பட்டதும் அவ்வாறே வாதிடத்தக்கது. நால்வர் அணிக்குள் மட்டும் கேட்கும் தடத்தில் சொல்லப்பட்டால், மற்ற இருவர் முன்பின் அறியாதவராயின் வாதம் நிற்கும். அனைவரும் நெருங்கிய நண்பர்களாயின் கடினம்.

இரண்டாம் வினா, எதிரிக்குச் சாதி தெரியுமா என்பது. ஷாஜன் ஸ்கரியா வழக்கில் (2024) உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பதாலேயே எல்லா அவமதிப்பும் இக்குற்றமாகாது. அவமதிப்பு சாதி அடையாளத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்றது. முன்பின் தெரியாதவர் எறிந்த வசையில் இதை நிறுவுவது கடினம். ஆனால் பெரும்பாலான கில்டுகள் ஒரே ஊரை, ஒரே பள்ளியைச் சார்ந்தவை. சட்டத்தின் பிரிவு 8(சி) இங்கே கைகொடுக்கிறது: பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி நேரில் அறிந்தவராயின், சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்.

சான்றும் புகாரும்

ஆட்டத்தில் பேசியது ஆட்டம் முடிந்ததும் காற்றோடு போய்விடும். ஆகவே சான்றே முதன்மை. திரைப்பதிவை ஒலியோடு சேமிக்க வேண்டும். எதிரியின் ஆட்டப்பெயரை எந்நேரமும் மாற்ற முடியும். பயனர் அடையாள எண்ணை அவ்வாறு மாற்ற முடியாது. எனவே அந்த எண்ணையும் நாள், நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவை வெட்டி ஒட்டாமல் மூலக் கைப்பேசியிலேயே வைத்திருக்க வேண்டும். பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63இன்கீழ் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் படி ஏற்கப்படுவது அரிது; பழைய சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியது. உடன் ஆடிய மற்றவர்களின் சாட்சியமும் மதிப்புடையது.

புகாரை உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே அளிக்கலாம். ‘இது சைபர் கிரைம், அங்கே போ’ என்று அலைக்கழிப்பது ஏற்கத்தக்கதன்று. பிரிவு 18ஏ-இன்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் புலனாய்வு செய்ய வேண்டும். 60 நாளில் முடிக்க வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியர் மீது பிரிவு 4 பாயும். நிறுவனத்திடமிருந்து கணக்கு விவரங்களைப் பெறக் காவல்துறைக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 94 அதிகாரம் தருகிறது. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 3(1)(ஆர்), (எஸ்) குற்றங்களுக்கான தீருதவி 1 லட்சம் ரூபாய்: முதல் தகவல் அறிக்கையின்போது 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகையின்போது 50, தண்டனையின்போது 25.

எதிரி 18 வயதுக்குட்பட்டவராயின் வழி வேறு. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி அவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வருவார். பெரியவர்களோடு சேர்ந்து செய்யாதவரை இவ்வகைக் குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதியப்படாது. இது நமக்கு ஏமாற்றமாகத் தோன்றலாம். எனினும் சிறுவர்களைச் சிறைக்கூடத்துக்கு அனுப்பும் அவசரம் நம் இயக்கத்துக்கு உகந்ததன்று. அவசரச் சட்டங்களும் தடுப்புக் காவலும் முதலில் யார் பிள்ளைகளைத் தேடி வரும் என்பதை நாம் அறிவோம். குழுமத்தின் முன் ஆலோசனையும் சமூகப் பணியும் கோரலாம். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கச் செய்யலாம்.

வழக்குக்கு அப்பால்

2022 அக்டோபரில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், வன்முறையைத் தூண்டும் நோக்கில் சாதி அடிப்படையில் பகை வளர்க்கும் உள்ளடக்கத்தைத் தடுக்க இணைய இடைநிலை நிறுவனங்களைக் கடமைப்படுத்துகின்றன. முகநூல் தன் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியைப் பெயர்சொல்லிச் சேர்த்துள்ளது. விளையாட்டு நிறுவனங்களிடம் நாம் கோர வேண்டியவை மூன்று: முறையிடும் பட்டியலில் ‘சாதிய இழிவு’ என்ற தனித் தலைப்பு, தமிழும் அதன் வட்டார வழக்கும் அறிந்த மதிப்பீட்டாளர்கள், சாதிப் பெயர் தாங்கிய கில்டுகளுக்கு அனுமதி மறுப்பு.

கல்லூரி மாணவர்கள் செய்யத்தக்கது இதைவிட எளிது. அணியில் ஒருவர் ‘எந்தத் தெரு’ என்று கேட்கும்போது, மற்ற மூவரில் ஒருவராவது ‘அது எதுக்கு உனக்கு’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். காலனியிலிருந்து ஆடும் பிள்ளை தனியாக விடப்பட்டிருப்பது சட்டத்தின் பற்றாக்குறையால் மட்டுமன்று. அக்கேள்வியைக் கேட்டும் கேளாததுபோல் ஆட்டத்தைத் தொடரும் நண்பர்களாலும்தான்.